ஹால் விளக்குக்கு மூன்று ஓட்டு

செங்கல்பட்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிற அந்த விளக்குக் கடைக்குள் இனிமேல் எங்களை விடுவார்களா என்பது சந்தேகம்தான். தப்பு என்மேல் இல்லை. எல்லாம் என் வீட்டுக்காரர் ரவிச்சந்திரன் பார்த்த வேலை.

உள்ளே நுழைந்ததுமே எனக்குத் தலை கிறுகிறுத்தது. கூரையே தெரியாத அளவுக்கு விளக்கு. கொத்துக் கொத்தாகத் தொங்குவது, சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பது, கண்ணாடித் துளிகள் ஆடுவது, நிமிஷத்துக்கு ஒரு நிறம் மாறுவது. திருவிழாவில் விட்ட பிள்ளை மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நடந்தேன். இவர் மட்டும் எதையும் பார்க்காமல் சட்டைப் பையிலிருந்து மீட்டரை எடுத்தார். வெளிச்சத்தை அளக்கிற மீட்டர். ரிட்டயர் ஆனதும் மற்றவர்கள் காசிக்குப் போவார்கள், இவர் இதை வாங்கினார்.

"இந்த ஒரு லைட்டை மட்டும் எரியவிட்டுட்டு மத்ததையெல்லாம் அணைங்க" என்றார்.

விற்பனையாளர் ஜெகதீசன் பொறுமையான மனிதர். "எதுக்கு சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இத்தனை எரியும்போது இது ஒண்ணு எவ்வளவு வெளிச்சம் தருதுன்னு நான் எப்படி அளக்கறது?"

ஜெகதீசன் பின்பக்கம் போனார். எந்த சுவிட்சைத் தொட்டாரோ தெரியாது, கடை மொத்தமும் பொசுக்கென்று இருண்டது. மாடியில் ஒரு குழந்தை வீறிட்டது. "கரண்ட் போச்சு, வாங்க போலாம்" என்று யாரோ சொல்ல, ஒரு கூட்டமே செருப்பைத் தேடி வாசலுக்கு ஓடியது. எங்கேயோ ஒரு சரவிளக்கில் யாருடைய தலையோ மோதி, கண்ணாடித் துளிகள் கிலுகிலுவென்று ஆடின. அந்தத் தலையிலிருந்துதான் குரல் வந்தது.

"லோகா! ஜீரோ காட்டுது! மீட்டர் ரொம்ப கரெக்ட்!"

நான் அப்படியே ஒரு அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்தபோது அழுகை வருகிற மாதிரி இருந்தது. ஏனென்றால் அன்றைக்கும் எங்கள் ஹாலுக்கு விளக்கு அமையவில்லை.

இந்தக் கதை புரிய வேண்டுமானால் எங்கள் பழைய வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவருக்கு அணு உலையில் கருவிகளைக் கவனிக்கிற வேலை. கல்யாணமான நாளிலிருந்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில்தான் குடித்தனம். அங்கே எல்லா வீடும் ஒரே அச்சு. ஹாலில் வடக்குச் சுவரில் ஒரு டியூப் லைட், அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கும் ஒரு புருஷன். எங்கள் மகள் சுஷ்மிதா இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது பக்கத்து பிளாக்கில் அதே மாடி, அதே கதவு என்று நுழைந்து, தோசை சாப்பிட்டு, டிவியும் பார்த்துவிட்டு, "அம்மா எங்க?" என்று கேட்டிருக்கிறாள். அந்த வீட்டுக்காரம்மாவும் தோசை வார்த்துப் போடும்வரை எதுவும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

அந்தக் குவார்ட்டர்ஸில் ஒரு பல்பைக்கூட நானாகத் தேர்ந்தெடுத்தது கிடையாது. எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று, கிளப்பில் இருந்த கேரம் அறை. சனிக்கிழமை நாலு மணி ஆனால் நான், என் கூட்டாளி கண்ணகி, ஸ்கூல் டீச்சர் ஒருத்தர், இன்னொரு அம்மா என்று நாலு பேர் உட்காருவோம். போர்டுக்கு மேலே தகரக் குடை போட்ட ஒரு விளக்கு தாழத் தொங்கும். அந்த வட்டத்துக்குள் யாருக்கும் வயசு கிடையாது, மாமியார் கிடையாது, முழங்கால் வலி கிடையாது. குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்றோடு எனக்கு அந்த அறையும் போயிற்று.

சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் பின்தெருவில் ஒரு புரமோட்டர் கட்டிய வீட்டை வாங்கினோம். கண்ணகி போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "உன் ஹால்ல போர்டு போடு, நாங்க ஸ்கூட்டர்ல வந்துடறோம். ஆனா மேல கேரம் லைட்டு தொங்கணும்டி. நம்ம கண்ணுக்கு நிழல் விழுந்தா காயின் ரெண்டு ரெண்டா தெரியுது. அடுத்த மாசம் முதல் சனிக்கிழமைக்குள்ள ஆகலேன்னா சொல்லிடு. எங்க வீட்டு மாடியிலயே போட்டுக்கறோம், என் நாத்தனார் கை கொடுக்கறேன்னு சொல்றா."

கண்ணகியின் நாத்தனார் கட்டை விரலால் ஸ்ட்ரைக்கரைத் தள்ளுகிறவள். என் இடத்தில் அவளா? எனக்குப் பகீரென்றது. அன்றைக்கே செங்கல்பட்டு பஜாரில் ஒரு தகரக் கடைக்குப் போய், வெளியே பச்சை, உள்ளே வெள்ளை என்று ஒரு குடை அடித்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஹாலுக்கு இதுவா? நடுவுல மட்டும் பளிச், மூலையெல்லாம் இருட்டு. பேப்பர் எங்க படிக்கறது? நாலு மூலையிலயும் ஒரே அளவு வெளிச்சம் விழணும். டியூப் லைட்தான் சரி."

சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் அங்கேயே தங்கி வேலை பார்க்கும் சுஷ்மிதா வீடியோ காலில் வந்து, "டியூப் லைட்டா? அப்பா, அது ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருக்கும். கலர் மாறுற லைட் போடலாம், நான் அனுப்பறேன்" என்று சொல்லி, அனுப்பியும் விட்டாள்.

இவர் வாங்கிவந்த டியூப் லைட்டையும் சேர்த்து, ஒரு ஹாலுக்கு மூன்று பெட்டி. மூன்றையும் மாட்டினால் என்ன என்று கேட்டதற்கு, வெவ்வேறு வெளிச்சம் கலந்தால் கண்ணுக்குக் கெடுதல் என்று இவர் ஒரு பிரசங்கமே செய்தார். பிறகுதான் அந்தச் சனியன் பிடித்த விதியைச் சொன்னார்.

"எங்க பிளான்ட்ல முக்கியமான எதையும் ஒரே ஒரு மீட்டரை நம்பிச் செய்ய மாட்டோம். மூணு மீட்டர் இருக்கும், மூணு சேனல்னு சொல்லுவோம். அதுல ரெண்டாவது ஒண்ணையே சொன்னாதான் நம்புவோம். நம்ம வீட்டுலயும் மூணு பேர். எந்த லைட்டுக்கு ரெண்டு ஓட்டோ, அந்த லைட். ஒருத்தரோட ஓட்டை ஒருத்தர் கலைக்கக் கூடாது."

"மூணு பேரும் மூணு சொன்னா?" என்றேன்.

"அப்ப எதையும் நம்ப முடியாதுன்னு அர்த்தம். மொத்தத்தையும் நிறுத்திடுவோம். அதுதான் பாதுகாப்பு."

அப்படித்தான் எங்கள் ஹால் பாதுகாப்பாக இருட்டில் கிடந்தது. மூன்று ஓட்டும் மூன்று பக்கம் போயின. கிரகப்பிரவேசம் விடியற்காலையில் குத்துவிளக்கு வெளிச்சத்திலேயே நடந்தது. ஐயர் ஹோமப் புகையிலும் இருட்டிலும் தடவி, அட்சதையை என் தலை என்று நினைத்து சீர்வரிசைப் பூசணிக்காய்க்குப் போட்டு ஆசீர்வாதம் செய்தார். என் தம்பி ஹாலைக் கடக்கும்போது சோபாவில் யாரோ இருக்கிறார்கள் என்று ஒரு தலையணை மூட்டைக்கு வணக்கம் வைத்தான்.

எலக்ட்ரீஷியன் ஜெபசிங்குக்கு இதைவிடக் கஷ்டம். ஏணியோடு வருவார், நடுக் கொக்கியைப் பார்ப்பார், திரும்பிப் போவார்.

"இன்னா சார் இது, வூடு பூரா லைட்டு எரியுது, ஹால்ல மட்டும் பேய் பங்களா கணக்கா கீது. நான் இன்னா ஏணியைத் தூக்கினு வாக்கிங் வந்துகினு கீறேனா?"

"இன்னும் ரெண்டு ஓட்டு சேரலை, ஜெபசிங்."

"எனக்கும் ஒரு ஓட்டு குடுங்க சார், நான் முடிச்சு வுட்டுர்றேன்."

"நாலு சேனல் ஆயிட்டா ரெண்டுக்கு ரெண்டு வந்துடும்" என்றார் இவர், கருணையே இல்லாமல்.

கோபம் வந்தால் எனக்குப் பிறந்த ஊர் பாஷை வந்துவிடும். "இன்னா நெனச்சுகினு கீறீங்க உங்க மனசுல? வூடா இது, இல்ல உங்க கண்ட்ரோல் ரூமா?" என்று கத்தினேன். ஜெபசிங் ஏணியிலிருந்து கை தட்டினார். இவர், கண்ட்ரோல் ரூமில் இப்படியெல்லாம் சத்தம் போட மாட்டார்கள் என்றார். டியூப் லைட்டிலேயே வேறு நல்லது கிடைக்குமா என்று பார்க்கத்தான் செங்கல்பட்டுக்கு என்னையும் அழைத்துப் போனார். அங்கே நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

கண்ணகி சொன்ன சனிக்கிழமைக்கு முதல் நாள் வந்துவிட்டது. மகளை எப்படியாவது என் பக்கம் இழுப்பது என்று தீர்மானித்து, அவளுக்குப் பிடித்த இறால் தொக்கைச் செய்து வைத்தேன். கலைக்கக் கூடாது என்றுதானே விதி, தொக்கு வைக்கக் கூடாது என்று விதி இல்லையே.

சாயங்காலம் கம்பெனி கேப் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆனால் மகள் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கோபாலகிருஷ்ணன் எங்கள் வாசலில் வந்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"மேடம், உங்க பொண்ணு எங்க வீட்டுல இருக்கு. நேரா உள்ள வந்து, பையைப் போட்டு, ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணி குடிச்சிட்டு, பாத்ரூம்ல முகம் கழுவிட்டு இருக்கு. நாங்க எதுவும் சொல்லலை. நீங்களே வந்து கூப்பிட்டுட்டுப் போங்க."

புரமோட்டர் கட்டினது வரிசையாக ஒரே மாதிரி வீடு! ஓடிப் போய்ப் பார்த்தால், சுஷ்மிதா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவர்கள் ஹாலில் நின்று, "அம்மா, லைட் போட்டாச்சா! டியூப் லைட்தானா?" என்கிறாள். கோபாலகிருஷ்ணன் வீட்டு அம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். மகளுக்கு விஷயம் புரிந்ததும் காது வரைக்கும் சிவந்துவிட்டாள். தெருவிலே நின்று நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னாள். "இதுக்குத்தாம்மா கலர் லைட்டு கேட்டேன். தெரு முனையிலேருந்தே ஜன்னல்ல தெரியணும், அதுதான் நம்ம வீடுன்னு. சின்ன வயசுலேருந்தே எனக்கு அந்த ஆசை."

என் மனசு கரைந்துவிட்டது. பெற்ற பிள்ளைக்கு வீடு தெரியவில்லை, எனக்கென்ன கேரம் என்று தோன்றியது. ராத்திரி முழுக்க அதே நினைப்பு. கண்ணகியின் நாத்தனார் கட்டை விரலும் கூடவே கனவில் வந்தது. ஆனாலும் ஓட்டை மாற்றிப் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஜெபசிங் ஏணியோடு வந்தார். "இன்னிக்கும் ஆவலேன்னா ஏணியை இங்கயே வுட்டுட்டுப் போறேன் சார். அதை வேணா சாமியா வச்சுக் கும்புடுங்க." இவர் மூன்று பெட்டிகளையும் ஹாலில் மூன்று மூலையில் வைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் நாங்கள் மூவரும் நடுவில் நின்றோம்.

"கண்ணை மூடிக்கணும். நான் மூணு எண்ணினதும் விரலை நீட்டணும். ஜெபசிங், நீங்கதான் சாட்சி."

"சரி சார். சீக்கிரம் எண்ணுங்க."

கண்ணை மூடினேன். மூன்று என்று கேட்டதும் மகளின் பெட்டி இருந்த மூலைப் பக்கம் விரலை நீட்டினேன். கை நடுங்கியது. பிறகு ஏணி கிடுகிடுவென்று ஆடுகிற சத்தம். கண்ணைத் திறந்தால், ஜெபசிங் ஏணியைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

என் விரல் மகளின் கலர் லைட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. மகளின் விரல் அப்பாவின் டியூப் லைட்டை. இவருடைய விரல் என் பச்சைக் குடையை.

"அம்மா!" என்றாள் சுஷ்மிதா. "நீ ஏன் மாத்தின?"

"நீ ஏன்டி மாத்தின?"

"நேத்து அப்பா சமையல்கட்டுல நின்னுக்கிட்டே பேப்பர் படிச்சிட்டிருந்தார். நீ வேற கரண்டியால தள்ளிவிட்டுட்டே இருந்த. பாவமா இருந்துதும்மா."

இரண்டு பேரும் இவரைப் பார்த்தோம். இவர் நீட்டிய விரலை இன்னும் மடக்கவில்லை.

"வியாழக்கிழமை டவுன்ஷிப்புக்கு ஒரு கையெழுத்துப் போடப் போனேன்" என்றார். "கிளப் வழியா வந்தப்போ வாட்ச்மேன் கூப்பிட்டான். 'நீங்க லோகநாயகி அம்மா வூட்டுக்காரர்தானே'ன்னு கேட்டு, டீ குடுத்து, கேரம் ரூமைத் திறந்து காட்டினான். இவ ஒரே அடியில ரெட் காயினையும் அதுக்கு ஃபாலோவையும் போட்ட கதையை அவன் நடிச்சே காட்டினான். கிளப் போட்டியில அம்மா தோத்ததே ஒரு வருஷம்தான்னு சொன்னான். அங்க என் பேரு யாருக்கும் தெரியலை." என் பக்கம் திரும்பினார். "நீ இதையெல்லாம் சொல்லவே இல்லையே லோகா."

"வருஷா வருஷம் கப்பைக் கொண்டுவந்து கையில குடுத்தேன். பேப்பரை மடிக்காம 'ம்'னீங்க. அதுலதான் உங்க பேனாவெல்லாம் போட்டு வச்சிருக்கீங்க."

அந்த அறைக்கு இவர் ஒருநாள்கூட வந்ததில்லை. இப்போது போயிருக்கிறார், அதுவும் டீ குடித்துவிட்டு வந்திருக்கிறார். சந்தோஷமா கோபமா என்று பிரிக்கத் தெரியாமல் மூக்கை உறிஞ்சினேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த மாதிரி, ஜெபசிங் கணக்குப் பேசினார். "அது சரி சார். இப்பவும் மூணு பேரும் மூணுதானே காட்டிக்கீறீங்க? நிறுத்திர்லாமா?"

அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. கண்ணகியும் டீச்சரும். நாலாவது அம்மா மகள் பிரசவத்துக்குப் போய்விட்டாளாம். கண்ணகி உள்ளே நுழைந்து, மேலே வெறும் கொக்கியைப் பார்த்தாள்.

"இன்னுமா மாட்டலை? அப்ப எங்க வீட்டு மாடிதாண்டி. நாத்தனார் இப்பவே பவுடர் டப்பாவோட உட்கார்ந்திருக்கா" என்றாள். போய்விட்டுப் போகட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஜெபசிங்" என்றார் இவர். "அந்தப் பச்சையை மாட்டுங்க."

"ரெண்டு ஓட்டு வேணுமே சார்?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணு என்னுது. இன்னொண்ணு இவளுது."

"அம்மா விரல் அங்க கீது சார்."

"அது தப்பு ரீடிங்" என்றார் இவர். "வேலையில சேர்ந்த நாள்லேருந்து மீட்டரோடயே இருந்தவன், எது கெட்டுப்போன மீட்டர்னு எனக்குத் தெரியாதா? கை நடுங்குது, கண்ணு கலங்குது, விரல் ஒரு பக்கம், பார்வை ஒரு பக்கம். இவ பார்வை எங்க இருக்குன்னு பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். என் பார்வை பச்சைக் குடைமேல்தான் இருந்தது. மறைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

"கரெக்டு சார்!" என்று ஜெபசிங் ஏணியில் தாவி ஏறினார். சுஷ்மிதா தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "நான் இதை வெளி ஜன்னல் கம்பியில கட்டிக்கறேன்! அது ஹால் இல்லையே அப்பா, உங்க விதி அங்க வராது!" டியூப் லைட் பெட்டி மட்டும் மூலையில் பாவமாக நின்றது. அதைச் சமையல்கட்டில் மாட்டி, அங்கேயே இவருக்கு ஒரு ஸ்டூல் போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்தேன்.

குடை தொங்கியது. ஜெபசிங் சுவிட்சைப் போட்டார். சந்தோஷத்தில் முன்னே வந்த இவர் நெற்றியை அதில் டங்கென்று இடித்துக்கொள்ள, விளக்கு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆடி, எங்கள் நிழல்களெல்லாம் சுவரில் குதியாட்டம் போட்டன. டீச்சர் கூடச் சிரித்துவிட்டார். கதவுக்குப் பின்னால் இத்தனை நாள் நின்ற போர்டை இழுத்துக்கொண்டு வந்தேன். இவர் நெற்றியைத் தேய்த்தபடியே மீட்டரைப் போர்டின் நடுவில் வைத்துப் பார்த்தார். "பிரமாதம்" என்றார். எத்தனை என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"நாலாவது கை இல்லையே" என்றாள் கண்ணகி. "சுஷ்மி, வா."

"எனக்கு வராது ஆன்ட்டி. அப்பா உட்காருவார்." மகள் இவரைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்துவிட்டாள். கண்ணகி எனக்கு எதிரே இருந்த தன் கூட்டாளி இடத்தை இவருக்கு விட்டுவிட்டு டீச்சருக்கு எதிரே போனாள். "உன் மீட்டர்காரரை நீயே வச்சுக்கோ. அண்ணா, அவ தோத்த அந்த ஒரு வருஷம் யாரு ஜெயிச்சதுன்னு வாட்ச்மேன் சொன்னானா? நான்தான். அவளுக்கு அப்ப சிக்குன்குனியா."

இவருடைய முதல் அடி. ஸ்ட்ரைக்கரை வைத்து, கோணம் பார்த்து, மூச்சைப் பிடித்து அடித்தார். அது குறி வைத்த காயினைத் தொடவே இல்லை. போர்டின் ஓரக் கட்டையில் பட்டு, திரும்பி, வேறெதையோ தட்டி, அது இன்னொன்றைத் தட்டி, ரெட் மெதுவாக நகர்ந்து போய்ப் பாக்கெட்டில் விழுந்தது.

ஜெபசிங் விசில் அடித்தார். கண்ணகி தலையில் கை வைத்துக்கொண்டாள். இவர் திருதிருவென்று விழித்தார். "நல்லதா கெட்டதா? இப்ப நான் என்ன செய்யணும்?"

"ஃபாலோ போடணும்" என்றேன். "ரெட் போட்டா மட்டும் பத்தாது. அடுத்த அடியிலயே நம்ம காயின் ஒண்ணையும் போடணும். அப்பதான் ரெட் நம்மளுது. இல்லேன்னா எடுத்துத் திரும்ப நடுவுல வச்சிடுவாங்க."

இவர் போர்டை ரொம்ப நேரம் பார்த்தார். விளக்கின் வட்டத்துக்குள் அந்த முகத்தை இத்தனை கிட்டத்தில் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று. பேப்பர் இல்லாமல் பார்த்தது அதைவிட நாளாயிற்று. எனக்கு இந்த மனுஷனை ரொம்பப் பிடித்திருக்கிறது என்று அப்போது நினைத்தேன், நெற்றி வீக்கத்தோடு சேர்த்தே. அவர் அடித்தார். காயின் பாக்கெட்டின் விளிம்பு வரை போய் நின்றுவிட்டது. பின்னாலேயே போன ஸ்ட்ரைக்கர் பாக்கெட்டில் விழுந்தது.

எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். இவர் மட்டும் ஸ்ட்ரைக்கரை எடுத்து என் கையில் கொடுத்து, ரொம்பப் பொறுப்பாகச் சொன்னார்.

"பரவாயில்லை லோகா. அடுத்த சனிக்கிழமை போட்டுடறேன்."

நான் ரெட்டை எடுத்து நடுவில் வைத்தேன்.